வாரம் பத்துப் பேர்

"மூணு வருஷமா ஒருத்தர்கூட ஞானஸ்நானம் வாங்கலியே, உபதேசியாரே. இனி எதுக்கு இந்த மலை? மூட்டையைக் கட்டுங்க, கீழே போகலாம்."

பேளுக்குறிச்சியிலிருந்து நடந்தே மலையேறி வந்த பாதிரியாருக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை.

உபதேசியார் மாசிலாமணி மூட்டை கட்ட எழவில்லை. காய்ச்சலில் போன மனைவியை இந்த ஆலத்தூர் நாட்டு மண்ணில்தான் புதைத்திருக்கிறார். அவளை விட்டுவிட்டு எங்கே போவார்?

"கொஞ்சம் பொறுங்கய்யா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. வர்ற ஜனத்தைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. முதல் ரெண்டு வருஷம் என் சம்சாரம் ஒருத்திதான் உட்கார்ந்து கேட்டா. இப்ப ஒரு வருஷமா, மழையானாலும் சரி பனியானாலும் சரி, பத்துப் பேர் குறையறதில்ல. அதுவும் வாரா வாரம் வேற வேற முகம்."

"அப்படியா! உம்ம பிரசங்கத்துக்கா?"

"எல்லாம் கர்த்தருடைய கிருபைய்யா" என்று தாழ்மையாகத்தான் சொன்னார். முகம் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

சொன்னபடியே வந்தார்கள். பத்துப் பேர். களையெடுப்பைப் போட்டுவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தூறலில் வாசலில் உட்கார்ந்தார்கள்.

மாசிலாமணி ஒன்றரை மணி நேரம் வெளுத்து வாங்கினார். "தனியாய்க் கிடக்கிறவனைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்காருவதே கிறிஸ்துவின் அன்பு. ஐயோ, அந்த அன்பை நீங்கள் அறியவில்லையே" என்று அவர்களுக்காக இரங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். ராத்திரி முழுக்க வயலில் காட்டுப்பன்னியை விரட்ட, ஊர் வைத்த முறைப்படி பன்னிக்காவல் இருந்துவிட்டு வந்த இரண்டு பேர் தூக்கத்தில் ஆட்டியது பாதிரியாருக்குத் தெரியவில்லை.

அவர் மனம் இளகிவிட்டது. "இங்கேயே இருங்க. ஆனா பெருமை மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மலையிறங்கினார்.

பெருமை வேண்டாமாம். யாரால் முடிகிறது? கடைசியாக எழுந்த மாதம்மாளை மாசிலாமணி நிறுத்தினார்.

"ஏம்மா, இவ்வளவு வேலையையும் விட்டுட்டு வர்றீங்களே, என் பேச்சுல எது உங்களை இழுக்குது?"

"பேச்சுங்களா? அது எங்களுக்கு ஒண்ணும் வெளங்காதுங்க, சாமி."

"பின்னே எதுக்கு வர்றீங்க?"

மாதம்மாள் ஈரக் கம்பளியை உதறினாள்.

"கேக்கறதுக்கு இருந்த உங்க ஊட்டம்மாவும் செத்துப்போயி, அடுத்த வாரம் ஆளில்லாத வாசல்ல நின்னு நீங்க பேசிட்டு இருந்தீங்களாம். ஊர்க்கவுண்டரு அதப் பாத்துட்டு அழுதுட்டாருங்க. துக்கத்துல இருக்கற மனுசன ஒண்டியா உடப்படாதுன்னு, பன்னிக்காவலுக்கு வெக்கற மாதிரியே, வாரம் பத்து ஊட்டுல இருந்து ஊட்டுக்கொரு ஆளுன்னு முறை வெச்சுட்டாருங்க. இந்த வாரம் எங்க ஊட்டு முறைங்க."