இரண்டு மீனுக்கு முந்நூறு லிட்டர்

“ரெண்டு பேர் குடியிருக்க இவ்வளவு பெரிய இடம் எதுக்குங்க?” என்று கேட்டபடியே சர்வேயர் பையிலிருந்து டேப்பை உருவினார். நீளம் நாலடி, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றே முக்கால். அந்தக் கண்ணாடித் தொட்டியில் தாராளமாக ஒரு ஆளே குளிக்கலாம்.

வளர்ப்பு மீன் கடைக்காரரும் அவர் பக்கமே பேசினார். கோமாளி மீன் கடல் மீன்தான் என்றாலும் சுற்றித் திரிகிற ரகமில்லை, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் அங்கேயே காலத்தை ஓட்டிவிடும், ஒரு ஜோடிக்கு எண்பது லிட்டர் போதும் என்றார். பெரிய தொட்டியென்றால் தண்ணீர் சட்டென்று கெடாது, அது ஒன்றுதான் லாபமாம்.

சர்வேயருக்கு மனம் குளிர்ந்தது. அவர் கடையேறி வந்ததே ஒரு காரியத்தைச் சாதிக்கத்தான். ஏரிக்கரைப் பக்கம் புது வீடு ஒன்று பார்த்துவைத்திருந்தார். மிச்ச வேலை முடிந்து வெள்ளையடிக்க இரண்டு மாதம் ஆகும், முடிந்த கையோடு குடிபோய்விட வேண்டும். விஷயத்தைச் சொன்னபோது வழக்கம்போலவே மனைவி மறுத்துப் பேசவில்லை. போகலாம், ஆனால் தனக்குக் கோமாளி மீன் வளர்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

வீடு மாற்றுவது அவருக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி. ஒரு வீட்டில் ஜன்னல் அரை அங்குலம் கோணல், இன்னொன்றில் பக்கத்து வீட்டுக் கேட் கிறீச்சிட்டது. இப்போது இருக்கும் வீட்டில் வாசல்படி மூன்றில் நடுப்படி மட்டும் உயரம் கம்மி. உறவுக்காரர்கள் அவர் முகவரியைப் பென்சிலில்தான் எழுதிவைப்பார்கள்.

மீன்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்த மனைவி, பெரிய தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். “தண்ணி ரொம்பினா இது என்ன எடை வரும்?” என்று கடைக்காரரைக் கேட்டாள்.

பாறை, மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் அரை டன்னை நெருங்கும் என்றார் அவர்.

“அப்ப இதையே எடுத்துக்கலாம்” என்றாள்.

தரை தாங்குமா என்றுகூட யோசிக்கிறாளே என்று சர்வேயருக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அது வேண்டும் இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்காதவள். போனால் போகிறதென்று டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கடல் தண்ணீர் பக்குவமாகவே ஒன்றரை மாதம் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னதால், காத்திருப்பானேன் என்று மனைவி தொட்டியை அந்த வாரமே இருக்கிற வீட்டுக் கூடத்தில் இறக்கச் சொல்லிவிட்டாள். பிரிட்ஜைத் தூக்கிப்போகிற மாதிரி இதையும் லாரியில் ஏற்றிவிடலாம் என்பது சர்வேயரின் கணக்கு.

தண்ணீர் பக்குவமானதும் மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டும், கடைக்காரர் சொன்னபடியே இடது மூலைப் பாறையைப் பிடித்துக்கொண்டன. மிச்சமெல்லாம் காலி. பாதியை வாடகைக்கு விடலாம் போலிருக்கிறதே என்று சர்வேயர் சிரித்தார். ஆனால் ஆபீஸ் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே அதன் முன் போய் நின்றவரும் அவர்தான்.

புது வீட்டில் வெள்ளையடித்து முடிந்தது. சாமான் பார்க்க வந்த லாரிக்காரர், அலமாரியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கூடத்துக்கு வந்ததும் தலையைச் சொறிந்தார். தண்ணீரோடு இதைத் தொடவே மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார்.

சர்வேயர் கடைக்காரருக்குப் போன் போட்டார். காலி செய்துதான் தூக்க வேண்டும், அங்கே போய்த் தண்ணீரை மறுபடி முதலிலிருந்து பக்குவப்படுத்த வேண்டும் என்றார் அவர். அதுவரை மீன்கள் தாங்குமா என்று கேட்டதற்கு, சந்தேகம்தான் என்றார்.

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “உங்க இஷ்டங்க. நான் என்னத்தைச் சொல்ல?” என்றாள்.

அந்தக் குரலில் அவர் உருகிப் போனார். இத்தனை வருடத்தில் ஆசையாகக் கேட்ட ஒரே பொருள். அதையும் தன் கையாலேயே சாகடிப்பதா? ஏரிக்கரைக் காற்று மனதுக்குள் ஒருமுறை வீசிவிட்டு ஓய்ந்தது. புது வீட்டுக்காரரை அழைத்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். லாரிக்காரருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பரண்மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். எந்த வீட்டிலும் கட்டுப் பிரிக்காமல், அடுத்த வீடு, அடுத்த வீடு என்று கூடவே வந்துகொண்டிருந்த பெட்டி அது. கயிற்றைப் பிரிக்கக்கூட நேரமில்லாதவள்போலக் கத்தியால் அறுத்தாள். கல்யாணப் படத்தை வெளியே எடுத்துத் தூசி தட்டிவிட்டு, ஆணியும் சுத்தியலும் தேடினாள்.

சர்வேயர் தொட்டி முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தியாகம் செய்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“எல்லாம் உனக்காகத்தான். நீ இந்த மீனுங்க மேல உயிரையே வெச்சிருக்கே, அதை நான் கெடுக்கலாமா?”

சுவரில் ஆணியை ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுத் திரும்பினாள் அவள்.

“மீனெல்லாம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுங்க.”