மூன்று பொருள், இரண்டு வாக்கியம்

“யார் இதை அடிச்சது?”

ஆசிரியர் புரூஃப் தாளை என் மேசையில் போட்டார். ‘ஸ்கேட்டர்’ (scatter) என்ற ஆங்கிலச் சொல் இருந்த பக்கம். மூன்றாவது பொருளுக்குக் கீழே இருக்க வேண்டிய வாக்கியத்தின் மேல் சிவப்பு மை. சும்மா ஒரு கோடு இல்லை. அடியில் என்ன இருந்தது என்றே தெரியாத அளவுக்கு அடித்திருந்தது.

“மூணாவது தடவை! நான் சேர்க்கச் சொல்றேன், அடிச்சு வருது. மறுபடி சேர்க்கச் சொல்றேன், மறுபடி அடிச்சு வருது. இது அகராதியா, மளிகை லிஸ்டா?”

எங்கள் அகராதியில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருளோ அத்தனை வாக்கியம். சிதறு, கலைந்து ஓடு, தூவு என்று ‘ஸ்கேட்டர்’க்கு மூன்று பொருள். கண்ணாடிச் சில்லு சிதறியதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. சத்தம் கேட்டுப் பறவைகள் கலைந்ததற்கு ஒன்று இருந்தது. ‘தூவு’ மட்டும் மொட்டையாக நின்றது.

“அய்யா அடிக்கச் சொன்னாரா?” என்று என்னைக் கேட்டார்.

அய்யாதான் புரூஃப் திருத்துகிறவர். கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். ஜன்னலோரம் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். ஆபீஸில் தற்காலிக வேலையில் இருக்கும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தாளை உரக்க வாசிப்பாள். அவர் காதால் கேட்டுத் திருத்தம் சொல்வார். சிவப்புப் பேனா அக்கா கையில்.

நான் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இங்கே சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு யாரையும் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

“அய்யா ஒண்ணும் சொல்லலை சார். அக்கா அந்த வரியை வாசிக்கவே இல்லை. மூணு தடவையும் தானாவேதான் அடிச்சாங்க.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும். உண்மையைத்தானே சொன்னேன்.

“ஏம்மா?” என்றார் ஆசிரியர்.

“சார், உங்க ரூமுக்கு வரேன். தனியா சொல்றேன்.”

“தனியா என்ன ரகசியம்? தப்பு நடந்தது இங்கே. இங்கேயே சொல்லு.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அய்யா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“ஒண்ணாம் தேதியிலிருந்து உன்னை நிரந்தரம் பண்ணலாம்னு இருந்தேன்,” என்றார் ஆசிரியர். “ஒரு வரியை நம்பி உன் கையில கொடுக்க முடியலை. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்.”

அக்கா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் என்று எனக்கும் தெரியும். டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

“வரி குறையுதுன்னு எனக்கு முதல் தடவையே தெரியும் தம்பி,” என்றார் அய்யா.

ஆசிரியர் திரும்பினார்.

“அவ மூணு பொருள் வாசிச்சா, ரெண்டு வாக்கியம்தான் வாசிச்சா. ஆபரேஷன் கண்ணுலதான், காதுல இல்லை.”

“அப்புறம் ஏன் கேட்கலை? கமா விட்டுப்போனாலே ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு போன் பண்ற ஆளாச்சே நீங்க!”

“கேட்டா அவ அதை வாசிக்கணுமே. என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எப்படி வாசிப்பா?” அய்யா லேசாகச் சிரித்தார். “இவளை அனுப்பறதா இருந்தா என்னையும் அனுப்பு. கூட்டுக் களவாணி நான்.”

ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

“அப்படி என்னதான் வரி அது? வாசி,” என்றார் என்னிடம்.

“வேண்டாம்,” என்றாள் அக்கா.

அதற்குள் நான் கணினியில் எடுத்துவிட்டேன். அந்த வரியை மூன்று தடவை டைப் அடித்தவள் நான். கை அடித்ததே தவிர மண்டைக்குள் போனதில்லை. கணீரென்று வாசித்தேன்.

“‘மகனின் சாம்பலைத் தந்தை கடலில் தூவினார்.’”

ஆசிரியர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அய்யா... அன்னிக்குப் படகுல நானும் கூடத்தான் இருந்தேன். இந்தப் பக்கத்தைப் பார்க்கறப்போ தோணவே இல்லை.”

“உனக்கு ஆயிரம் பக்கம் தம்பி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சேர்வதற்கு முன்னால் அய்யா ஒரு மாதம் வரவில்லை என்று சொல்லியிருந்தார்கள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

“எந்தப் புண்ணியவான் எழுதின வாக்கியமோ,” என்று ஆசிரியர் எழுந்தார். “தூக்கிடலாம் அய்யா. விதை தூவினான், உப்புத் தூவினான், ஏதாவது ஒண்ணு போட்டுக்கலாம். நீ பையைக் கீழே வைம்மா.”

“எழுதினது நான்தான்,” என்றார் அய்யா. “நாலு வருஷம் ஆச்சு. செருப்பைக் காணோம்னு பையன் வாசல்ல நின்னு கத்திக்கிட்டிருந்தான். இருடா, ஒரு வரி இருக்கு, முடிச்சிட்டு வரேன்னேன். அந்த வரி இதுதான்.”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் அக்கா பக்கம் கையை நீட்டினார்.

“இதை எழுதின அன்னிக்கு அவன் உயிரோட இருந்தான்மா. அடிச்சிடாதே.”