கொத்தனார் அடுக்கும் பை

காலை வெயில் மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவு வழியே வந்து பில் மேசைமேல் சதுரமாக விழுந்து கிடக்கிறது. வரிசையில் ஆறு பேர். பில் போடுகிறவள் பையை விரிக்கக் கை நீட்டியதும், வரிசையின் முதலில் நிற்கும் கொத்தனார் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "விடும்மா, நானே அடுக்கிக்கிறேன்." நாளுக்கு இருநூறு பை அடுக்குகிறவளுக்குச் சுருக்கென்கிறது. "சரிண்ணே, உங்க இஷ்டம்" என்று உதடுதான் சொல்கிறது. சிமெண்ட் படிந்த விரல்கள் மாவுப் பொட்டலங்களை அடியில் பரப்புகின்றன. இரண்டு பொட்டலம் சேரும் இடத்துக்கு நேர் மேலே மூன்றாவது உட்காருகிறது. மூலையைத் தட்டுகிறார். ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்க்கிறார். மெஷின் 'பீப்' என்கிறபோதெல்லாம் அவர் கை நீள்கிறது. அவளும் தன்னையறியாமல் பெரிய சாமானாகப் பொறுக்கி முதலில் கொடுக்கிறாள், சித்தாள் மாதிரி. "அந்த இடுக்குல தீப்பெட்டி போகும்ணே" என்கிறது வரிசையிலிருந்து ஒரு குரல். அளவெடுத்தாற்போல் போகிறது. கடைசியில் முட்டை அட்டை, கூரையாக. வரிசையே கைதட்டுகிறது.

கொத்தனார் நெஞ்சு நிமிர்த்திப் பையைத் தூக்குகிறார். பையின் காது இரண்டும் தையல் விட்டு அவர் கையோடு வந்துவிடுகின்றன. அவர் அடுக்கிய சுவர் மட்டும் பையோடு மேசையிலேயே அசையாமல் நிற்கிறது. அவர் கையைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார். "கட்டினது கட்டின எடத்துல நின்னுதாம்மா எனக்குப் பழக்கம்." அவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் இரண்டு புதுப் பைகளை உதறி விரிக்கிறாள்.

"நீங்க இடிங்கண்ணே. நான் அடுக்குறேன்."