நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்

"சொசைட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும், வருங்கால வரலாற்றுக்கும் அறிவிப்பது யாதெனில்: ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நமது கிளப் ஹவுஸில் அட்லாண்டிக் பெருங்கடல் திரையிடப்படும். தாமதமாக வருபவர்கள் கடலைத் தவறவிடுவார்கள்."

கசார்வாடி அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் இப்படிப் பிரகடனம் செய்தவர் ஏ விங் பக்தவத்சலம். மனைவி லலிதாவுடன் போர்ச்சுகல் கடலோரமாகப் பத்து நாள் காரில் போய்வந்திருந்தார். வாஸ்கோடகாமாவுக்குப் பிறகு அந்தக் கரைக்குப் பெருமை சேர்த்தவர் தான் ஒருவரே என்பது அவர் கட்சி.

இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். உருளைக்கிழங்கு போட்ட படாட்டா வடா உண்டு என்பதும் பிரகடனத்தில் இருந்தது.

லலிதா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். படங்களை அதில் ஏற்றியது அவள்தான். யாரும் எதுவும் குடைந்து கேட்காமல், இவர் மானத்தோடு இந்த ஒரு மணி நேரம் முடிந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

பக்தவத்சலம் திரைக்கு முதுகு காட்டி நின்றார். "படத்தைத் திரும்பித் திரும்பிப் பாக்கறவன் அதை எடுத்தவனா இருக்க மாட்டான். நம்பரை மட்டும் சொல்லு லலிதா."

"பன்னெண்டு. லாகோஸ்."

"லாகோஸ்! அந்தப் பாறையைப் பாருங்க. சிற்பி செதுக்கின மாதிரி." அவர் கையிலிருந்த லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் மேல் கம்பீரமாக நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். நகைச்சுவை எடுபட்டது என்று அவரும் சிரித்தார்.

இருபத்தெட்டு வருஷம் போசரியில் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்த்தவர். தலைமுடி அகலக் கீறலையும் வெறும் கண்ணாலேயே பிடிப்பார். எட்டு மாதத்துக்கு முன் திடீரென்று விருப்ப ஓய்வு வாங்கினார். தான் இல்லாமல் ஆலை எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கத்தான் என்றார். ஆலை தாங்கிக்கொண்டது.

"சார், அங்க கார் யாரு ஓட்டினது?" என்று கேட்டார் பி விங் முகமது இஸ்மாயில். நெடுஞ்சாலையில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். அவர் கவலை அவருக்கு.

"உங்க பாபி லலிதாதான். ஸ்டியரிங் பிடிக்கறது டிரைவர் வேலை பாய். வழி சொல்றதுதான் கேப்டன் வேலை."

"அப்ப ஜிபிஎஸ் என்ன வேலை பாத்துச்சு?"

கிளப் ஹவுஸ் குலுங்கியது. பக்தவத்சலம் அசரவில்லை. "இவ பண்ணின கூத்தைக் கேளுங்க. ஊருக்கு ஊர் கடையில நின்னு அந்த ஊர்ப் படம் போட்ட போஸ்ட்கார்டு வாங்கறா! பக்கத்துல நான் நிக்கறேன், கையில புத்தம் புதுக் கேமரா, நானூத்திப் பன்னெண்டு படம். கல்யாண சமையல்காரன் பொண்டாட்டி ஓட்டல்ல பார்சல் வாங்கின கதை!"

லலிதா சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். "இருவது. சாக்ரெஸ்."

"சாக்ரெஸ்! ஐரோப்பாவோட கடைசி முனை. கலங்கரை விளக்கம் பாருங்க. பத்து நாளும் விடாத மழை. இங்க குடையே பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

"மழையா?" இஸ்மாயில் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். "படத்துல வெயில் கொளுத்துதே சார்?"

லலிதாவின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"அதான் பாய், லென்ஸ்!" என்றார் பக்தவத்சலம். கைதட்டல் அடங்க நேரமானது.

புதுக் கேமராவுக்கு மேனுவல் படித்தீர்களா என்று யாரோ கேட்டதற்கு, அதை எழுதியவன்தான் தன்னிடம் வந்து படிக்க வேண்டும் என்றார். முப்பது வருஷம் அவர் வைத்திருந்த பழைய கேமராவில் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் ஒன்றுமே கிடையாதாம். தூக்கினால் படம்.

முப்பதாவது படத்தோடு கடல் முடிந்தது. வடாவும் முடிந்திருந்தது. எழப்போனவர்களைப் பக்தவத்சலம் கை உயர்த்தி நிறுத்தினார். "எல்லாரும் திரைக்கு முன்னாடி வந்து நில்லுங்க. அட்லாண்டிக் கரையில நம்ம சொசைட்டி! லலிதா, நீ நடுவுல."

புடவைத் தலைப்புகளும் தலைமுடிகளும் சரிசெய்யப்பட்டன. பக்தவத்சலம் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தி, ஒரு காலைப் பின்னால் வைத்து, கலைஞனாக நின்றார்.

லலிதாவுக்குப் பக்கத்தில் நின்ற இஸ்மாயில் கேமராவை உற்றுப் பார்த்தார். "பாபி," என்றார் மெதுவாக, "லென்ஸ் மூடியே கழட்டலியே. சார்…"

"கூப்பிடாதீங்க பாய்." லலிதாவின் உதடு அசையவில்லை. "அவருக்குக் கண்ணு போயி எட்டு மாசமாச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கார். மொத நாளே மூடியப் பத்திச் சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரலை. அப்புறம் பத்து நாளும் அப்படியே போயிடுச்சு."

இஸ்மாயில் தலையைத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் வெயிலில் மின்னிய நீலத்தைப் பார்த்தார். "அப்ப, இந்தக் கடலு?"

"ரெடி!" என்றார் பக்தவத்சலம். "லலிதா, போர்ச்சுகல்ல சிரிச்ச மாதிரியே சிரி, பாக்கலாம்."

லலிதா அந்தக் கறுப்பு மூடியை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

"போஸ்ட்கார்டு பாய். சிரிங்க."