மீசை தேடிய முதுகு

கண் தெரியாத இறால் ஒன்று கடலடி மணலில் வளை தோண்டும். வாசலில் உளுவை மீன் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் நீண்ட மீசையை உளுவையின் முதுகில் வைத்துக்கொள்ளும். ஆபத்தென்றால் உளுவை வாலை ஆட்ட வேண்டும், இறால் உள்ளே ஓட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

"கூசுதுடா, சனியனே!"

"நெளியாம நில்லுடா!"

ஒருநாள் களவா மீன் பாய்ந்து வந்தது. பயத்தில் உளுவை வாலாட்ட மறந்து வளைக்குள் புகுந்தது. புகுந்த பிறகுதான் உறைத்தது. எட்டிப் பார்த்தால், இறால் ஓடவில்லை. அத்தனை பெரிய கடலில் தனியாக மீசையால் துழாவிக்கொண்டிருந்தது.

"டேய், எங்கடா போனே? உன்னை ஏதாச்சும் பிடிச்சிருச்சா?"

உளுவை வெளியே பாய்ந்து முதுகைக் கொடுத்து, வாலை ஆட்டியது. இரண்டும் ஒன்றாக வளைக்குள் விழுந்தன.

"இருக்கியாடா?" என்றது இறால்.

உளுவை நெளியாமல் மீசைக்கு முதுகைக் கொடுத்து நின்றது.