கப்பிள் பாத்தி

"செத்தவன் வந்தா உப்பு வாரப்போறான்? பாத்தி கப்பிளுக்குத்தான். கிளம்பு!"

மேஸ்திரி தட்சணாமூர்த்தி மேரிசெல்வியைப் பாத்துப் போட்ட சத்தம் உப்பளம் முழுக்கக் கேட்டது.

எங்க மரக்காணத்து முதலாளி ஒரு பாத்தியைப் புருஷன் பொண்டாட்டியாத்தான் குடுப்பாரு. ஆளுக்குப் பாதி வாரணும். மேரிசெல்வியோட புருஷன் சவரிமுத்துவைச் சுனாமி கொண்டுபோய் மூணு மாசம்தான் ஆகுது. இந்த வேலையும் போனா, ரெண்டு புள்ளைங்களையும் ஹாஸ்டல்ல விட்டுட்டு மெட்ராசுக்கு வீட்டு வேலைக்குப் போகணும்.

பாவி மனுஷன்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தாளை அங்கேயே நாலு கேட்டிருப்பேன். மேரிசெல்வி கையைப் பிடிச்சு நிறுத்திட்டா.

"எங்க புள்ளைங்களோட சுலோசனா டீச்சர்கிட்ட கேட்டேங்க. கப்பிள்ங்கிறது லத்தீன்லேர்ந்து வந்த வார்த்தையாம். ஆதியில கட்டுன்னுதான் அதுக்கு அர்த்தமாம், ரெண்டைச் சேர்த்துக் கட்டுற கட்டு. எங்க கட்டு இன்னும் அவுரலைங்க. அவரு பாதி வேலை நடக்கலைன்னா நானே போயிடுறேன்."

மேஸ்திரி மூஞ்சி வெளுத்துப்போச்சு. "ஒரு வாரம் பாப்பேன்"னு சொல்லிட்டு நடந்துட்டாரு.

மறுநாள் காலையில போறோம், பாத்தியில சரிபாதி வாரிக் குவிச்சிருக்குது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

"வந்துட்டாரு ஜான்சி"ன்னு மேரிசெல்வி சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

அடுத்த நாளும் அப்படியே. அதுக்கடுத்த நாளும். பொம்பளைங்க யாரும் அந்த வரப்புப் பக்கமே போகல.

எனக்கு மட்டும் வேற புத்தி. எவனையோ வச்சிருக்கா, அவன்தான் வந்து வாரிட்டுப் போறான். அஞ்சாம் நாள் விடியறதுக்கு முன்னாடியே போய் மோட்டார் கொட்டகைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

ஒரே பனி. சரக்... சரக்...னு உப்பு வாருற பலகையை இழுக்குற சத்தம் மட்டும் வருது. தலைக்குத் துண்டு கட்டின ஒரு உருவம், முதுகைக் காட்டிக்கிட்டு, சவரிமுத்து வாருற வடக்குப் பாதியில.

"ஐயோ, யேசுவே!"ன்னு கத்திட்டேன்.

உருவம் திரும்பிச்சு. தட்சணாமூர்த்தி!

"சத்தம் போடாதம்மா! ரூல் முதலாளியோடது, வேலை நடந்தா அவரு கேக்கமாட்டாரு. நான் செய்யறேன்னு தெரிஞ்சா அவ வேணாம்பா. புருஷன் செய்யறான்னா ஏத்துக்குவா."

"உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?"

மேஸ்திரி பலகையை வரப்புல சாச்சு வச்சாரு.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சர்ச்சுக்குக் கிளம்பினவனை, எனக்கு மீன் வாங்கிட்டு வாடான்னு கடற்கரைக்கு அனுப்பினது நான்தாம்மா."