கோபஸ் போட்ட முடிச்சு

"யோவ் கோபஸ்! மனுஷனாய்யா நீ? என் தம்பி வாயில மண்ணைப் போட்டுட்டியே!"

தென்னாப்பிரிக்காவின் ஸ்காட்பர்க் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. நோம்சா கத்தினால் அப்படித்தான்.

அவள் தம்பி லுங்காவின் கயாக், ஒற்றை ஆள் துடுப்புப் படகு, அப்போதுதான் அலை தாண்டிக் கரை ஏறியிருந்தது. மீன் இல்லை. ஆள் நீள வஞ்சிரம் அவன் தூண்டிலில் துள்ளியதை மற்ற கயாக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்திருந்தார்கள். அது மீன்பிடிப் போட்டியின் தராசில் ஏறியிருந்தால் மாகாண அணியில் அவனுக்கு இடம் இன்றைக்கே உறுதி.

கத்துவதற்கு முன்னால் அவனைத்தான் கேட்டாள்: "என்னடா ஆச்சு?"

"முடிச்சு நழுவிடுச்சுக்கா," என்றான் லுங்கா, மணலைப் பார்த்தபடி.

போதாதா? முடிச்சுப் போட்டவர் கோபஸ். மெல்லிய பின்னல் நூலையும் அதன் முனையில் வருகிற தடித்த நைலான் நரம்பையும் சேர்க்கிற முடிச்சு. அது விட்டால் நரம்பு, கொக்கி, மீன் எல்லாம் போச்சு. இந்தக் கரையில் பாதிப் பேருக்கு அவர்தான் போட்டுக் கொடுப்பார். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

"இங்க கொடு."

கோபஸ் நூல் முனையை வாங்கி விரலால் தடவினார். நிமிர்ந்து லுங்காவைப் பார்த்தார். அவன் வேறெங்கோ பார்த்தான்.

கத்தியை எடுத்தார். முனையில் ஒரு சாண் நூலை நறுக்கி, உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"பாருங்கய்யா, மறைக்கிறான் கிழவன்!" என்றாள் நோம்சா.

"என் தப்புதான்மா. சரியா இறுக்கல."

"இறுக்கலையாம்! காலைலயே எத்தனை பியர் உள்ள போச்சு?"

கூட்டம் சிரித்தது. அத்தோடு விட்டார்களா? கயாக்காரன் பிரிட்ஸ் தன் தூண்டிலைக் கொண்டுவந்து, கோபஸ் போட்டிருந்த முடிச்சை அவர் முகத்துக்கு நேரே அறுத்துப் போட்டான். அப்புறம் இன்னொருத்தன். அப்புறம் வரிசையாக. அவர் காலடியில் முடிச்சுகளாக விழுந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கும் போட்டி இருக்கிறது. என் தூண்டிலிலும் இவர் முடிச்சுதான். கூட்டம் கலைந்ததும் எதிரே போய் நின்றேன்.

"கையைத் திறய்யா."

"போய் உன் வேலையைப் பாரு."

பிடித்து விரித்தேன்.

முடிச்சு நழுவியிருந்தால் நூலின் முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கும். இது சுருளவே இல்லை. ஒரு முனை கோபஸ் இப்போது நறுக்கியது. மறு முனையும் அதே மாதிரி நேராக, கத்தி பட்ட வெட்டு.

"அந்தப் பயலே அறுத்து விட்டிருக்கானா?"

"மெதுவாப் பேசு. அவன் கயாக் அடியில பாரு, புதுக் கீறல். மீனைத் துரத்திட்டுச் சுறா வந்து உரசியிருக்கு. பயந்துட்டான்."

"பயந்தா? அதுக்கு உம்ம பேரையா கெடுப்பான்? இரும், நோம்சாவைக் கூப்பிடறேன். பிரிட்ஸையும் கூப்பிடறேன். எல்லாப் பயலும் வந்து பார்க்கட்டும்!"

கோபஸ் என் சட்டையை எட்டிப் பிடித்தார்.

"சும்மா இருய்யா. நாளைக்கு அவன் திரும்பக் கடலுக்குள்ள போகணும்ல?"